நீங்கள் பாசிக்கு விட்ட லீவு

எங்கள் எல்லோருக்கும் முன்னால் கிளம்பிப் போய்விட்ட என் அத்தானுக்கு,

கொழுந்தியாள் எழுதுகிறேன். நீங்கள் இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே வீட்டில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தோம், எழுத என்ன இருந்தது? சொல்ல வேண்டியதை அடுக்களையிலிருந்தே கத்திச் சொல்லிவிடுவேன். நீங்களும் குளியலறைக்குள்ளிருந்து பதில் கத்துவீர்கள். இப்போது கத்தினால் அக்காதான் "என்னடி?" என்று எட்டிப் பார்க்கிறாள்.

உங்களிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. அதை எப்படிக் கொண்டுவந்து சேர்ப்பது என்று தெரியாமல் பல நாளாக நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிகிறேன். உங்கள் தொழிற்சங்கத்து ஆண்டு மலரைப் போடுகிற அந்தோணி அண்ணன்தான் வழி சொன்னார். "எழுதிக் குடும்மா. அவன் படிக்கிறானோ இல்லையோ, நாங்க படிக்கணும்ல" என்றார். அதனால் இந்தக் கடிதம் உங்கள் பேருக்கு வந்தாலும் உங்கள் ஷிப்டு ஆட்கள் எல்லோரும் பிரித்துப் படிக்கத்தான் போகிறார்கள். படிக்கட்டும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

உங்களைப் பார்த்திராத புது ஆட்களும் படிப்பார்கள் என்பதால் ஒன்றிரண்டு விவரம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முருகேசன் என் அக்கா புருஷன். சாத்தூர்ப் பக்கம் பிறந்து, ஓசூர் தொழிற்பேட்டையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவர். எம்.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டு ஊரில் சும்மா உட்கார்ந்திருந்த என்னை, "இங்க காலேஜுக்கா பஞ்சம், கெளம்பி வா" என்று அழைத்துவந்து, கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைக்கும்வரை சோறு போட்டவர். அந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். எனக்காக நீங்கள் பார்த்த மாப்பிள்ளைகளை நான் விரட்டிய கதையை இங்கே எழுதப் போவதில்லை.

டீசல் விலை ஏறும்போதெல்லாம் பேப்பர்காரர்கள் ஏதாவது ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு வந்த காலம் அது. முதலில் காட்டாமணக்கு வந்தது. தரிசில் நட்டால் போதும், டீசல் கொட்டும் என்றார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் நிறையப் பேர் நட்டார்கள், காய்த்த பிறகு வாங்கத்தான் ஆள் வரவில்லை. அதன்பின் பாசி வந்தது. அந்தச் செய்தியைக் கத்தரித்துச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, ஷிப்டு முடிந்த கையோடு என் முன்னால் வந்து நின்றீர்கள்.

"ஏ சாந்தி, பாசியில இருந்து டீசல் எடுக்கலாம்னு போட்டுருக்கான். நெசமா, இல்ல இதுவும் காட்டாமணக்குக் கததானா?"

"நெசந்தான் அத்தான். ஆனா குளத்துல வழுக்கிவிடுமே, அந்தப் பாசி இல்ல. இது ஒண்ணொண்ணா கண்ணுக்கே தெரியாது. தண்ணி பச்சையா இருக்கும், அம்புட்டுத்தான். வெயிலயும் கரியமில வாயுவையும் தின்னுட்டு உடம்புல எண்ணெயச் சேத்து வச்சுக்கும்."

"எங்க ஜெனரேட்டர் ரூம்ல பொகை சும்மாதான போகுது" என்றீர்கள். அன்று சாப்பிடும்போது சோற்றில் வைத்த கையை எடுக்காமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள். அக்கா என்னைத்தான் திட்டினாள், தேவையில்லாததை உங்கள் தலையில் ஏற்றிவிட்டேனாம்.

உங்களுக்கு டீசல் விற்றுப் பெரிய ஆளாகும் எண்ணம் இருந்ததில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். "எவனோ செஞ்ச மெஷின ரிப்பேர் பாத்தே வயசு போயிருச்சு. நாமளே செஞ்ச எண்ணெயில ஒரு எஞ்சின் ஓடுற சத்தத்தக் கேட்டுட்டாப் போதும்" என்றீர்கள். மனிதருக்கு இதைவிடச் சின்ன ஆசை ஒன்று இருக்க முடியுமா? அதுகூட நடக்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கெலமங்கலம் தாண்டி வெங்கடேசப்பாவின் நிலத்தில் ஒரு மூலை கிடைத்தது. காட்டாமணக்கு நட்டு ஏமாந்தவர்களில் அவரும் ஒருவர். நம்மைப் பார்த்ததும் "இதுவும் டீசல் செடியா சாரு?" என்று சந்தேகமாகத்தான் கேட்டார். "செடியே இல்லீங்க, வெறும் தண்ணி" என்று நீங்கள் சொன்னதும், "தண்ணியா? பர்வாலேது, பரவால்ல. தண்ணின்னா வாடிப் போவாது" என்று சிரித்துவிட்டு இடம் காட்டினார். அவருடைய தெலுங்கும் கன்னடமும் கலந்த தமிழையும் உங்கள் சாத்தூர்த் தமிழையும் வைத்துக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசுவீர்கள். பாதி புரியாமலே ஒருவர் சொன்னதற்கு மற்றவர் தலையாட்டியது எனக்குத் தெரியும்.

தொட்டியை நீண்ட வட்டமாகக் கட்டினோம், முழங்காலுக்குக் கீழேதான் ஆழம். ஒரு பக்கத்தில் துடுப்புச் சக்கரம். பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய கியர் மோட்டாரையும், ஸ்கூட்டர் சக்கரத்தின் நடுக்கூட்டையும், பிளந்த பி.வி.சி. குழாய்களையும் வைத்து நீங்களும் அந்தோணி அண்ணனும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் செய்தீர்கள். சக்கரம் மெதுவாகச் சுற்றச் சுற்றத் தண்ணீர் தொட்டியை வலம் வரும். அடியில் கிடக்கிற பாசி மேலே வந்து வெயில் வாங்கிக்கொள்ளும். சக்கரம் நின்றால் எல்லாம் அடியில் படிந்துவிடும் என்று நான்தான் உங்களுக்குச் சொன்னேன்.

கல்லூரியிலிருந்து நான் ஒரு பாட்டிலில் கொண்டுவந்த தாய்ப்பாசியை, யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் கரைத்த தண்ணீரில் ஊற்றினோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னைச் சந்தேகமாகப் பார்த்தீர்கள். பிறகு ஒரு நாள் இளம்பச்சை தெரிந்தது, அதன்பின் அது நிற்கவே இல்லை, கை விட்டால் விரல் தெரியாத அளவுக்குக் கரும்பச்சை ஆனது.

அதற்கு நீங்கள் வைத்த பேர் "நம்ம ஆளுக." விடிந்ததும் வேலைக்கு வருகிறார்கள், பொழுது சாய்ந்தால் ஓய்கிறார்கள், மேஸ்திரி வேண்டாம், ஓவர்டைம் கேட்பதில்லை என்று அந்தோணி அண்ணனிடம் பெருமை அடித்துக்கொள்வீர்கள். மேகம் மூடிய நாளில் "இன்னிக்கு நம்ம ஆளுக கொஞ்சம் டல்லு" என்று வீட்டில் வந்து சொல்வீர்கள். யாரோ உடம்பு சரியில்லாத சொந்தக்காரரைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று நினைத்து ஒருமுறை அக்கா பயந்துவிட்டாள்.

விளைந்த பாசியைப் படிகாரம் போட்டுப் படியவைத்து, துணியில் வடித்து, மொட்டை மாடியில் காயவைத்து, கல்லூரி ஆய்வகத்தில் எண்ணெயைப் பிரித்தெடுத்தேன். இருமல் மருந்து பாட்டிலில் பாதிகூட நிரம்பவில்லை. கரும்பச்சையாக இருந்தது, மூடியைத் திறந்தால் கருவாட்டு வாசம். "இதுக்கா இம்புட்டுப் பாடு" என்று அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் அதை எடுத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினீர்கள். பால்காரரைக்கூட விடவில்லை. எஞ்சினுக்கு இன்னும் எத்தனையோ பாட்டில் வேண்டியிருந்தது, ஆனால் உங்களுக்கு அன்றே பாதி எஞ்சின் ஓடிவிட்டது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

தொழிற்பேட்டையில் வேலை பார்க்காதவர்களுக்கு அந்த நாளின் கனம் தெரியாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எல்லோரும் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். ஓசூரில் இருந்து கொண்டாடுகிற பண்டிகை இது ஒன்றுதான். மெஷினை நிறுத்தி, பழைய கிரீசை வழித்து, துடைத்துக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்துவிட்டால், மறுநாள் வரை சுவிட்சில் யாரும் கை வைக்கக்கூடாது. உங்கள் ஆலையில் பூசணிக்காய் உடைக்கிறவர் நீங்கள்தான். அந்தோணி அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். அவரே தன் லேத்துக்கு நீங்கள் வந்து பொட்டு வைக்கும்வரை நகரமாட்டார்.

உங்கள் இடது கை மோதிர விரலில் நுனி இல்லாததற்கும் அந்த நாள்தான் காரணம். ஓசூருக்கு வருமுன் நீங்கள் இருந்த பட்டறையில், அவசர ஆர்டர் என்று பூஜையன்றும் தகடு வெட்டுகிற பிரஸ்ஸை ஓட்டச் சொன்னார்களாம். "ஓய்வு கேக்குற நாள்ல அத ஓட்டுனோம், அது சும்மா இருக்குமா?" என்று கோபமே இல்லாமல் சொல்வீர்கள். இதை நான் ஏன் எழுதுகிறேன் என்றால், அன்று நீங்கள் செய்தது விளையாட்டு இல்லை என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

பூஜைக்குச் சில நாள் முன்னால்தான் போர்வெல் மோட்டாரின் காயில் கம்பி எரிந்துபோயிருந்தது. வெயிலில் தொட்டித் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. வெங்கடேசப்பா தானாகவே டிராக்டர் டேங்கரில் ஏரித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி நிரப்பினார். நன்றி சொன்னபோது "இதுக்கெல்லாமா சாரு" என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். அதனால் பூஜைக்கு அவரை முதல் ஆளாக அழைத்தீர்கள்.

அன்று காலையில் நீங்கள் சக்கரத்தை நிறுத்தியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அத்தான், என்ன பண்றீக? இத நிறுத்தக் கூடாது."

"மெஷின நிறுத்தாமப் பொட்டு வச்சா அது பூஜையா?"

"இது வெறும் மெஷின் இல்ல. உள்ள உசுரு இருக்கு. அடியில போய்ப் படிஞ்சா மூச்சு முட்டும்."

"அட, ஒரு நாளுதான. ஷிப்டு பாக்குற எல்லாத்துக்கும் லீவு உண்டு. நம்ம ஆளுகளுக்கு மட்டும் கெடையாதுன்னா அது என்ன நியாயம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எங்கே போய்ச் சண்டை போடுவது? அக்கா சர்க்கரைப் பொங்கல் கிண்டினாள். நீங்கள் மோட்டாரைத் துணியால் துடைத்துத் துடைத்துப் புதுசாக்கினீர்கள். குங்குமம் தண்ணீரில் விழுந்துவிடக் கூடாது என்று பூசணிக்காயைத் தொட்டிக்கு வெகு தூரத்தில் கொண்டுபோய் உடைத்தீர்கள். அவ்வளவு கவனமாக இருந்தீர்கள் அத்தான்.

மறுநாள் காலையில் சுவிட்சைப் போட்டீர்கள். சக்கரம் சுற்றியது, தண்ணீர் நகர்ந்தது, பச்சை மட்டும் எழவில்லை. தொட்டி முழுக்க டீத்தண்ணி நிறம். ஓரத்தில் அழுக்கு நுரை ஒதுங்கியிருந்தது. நீங்கள் சக்கரத்தை நிறுத்தி மறுபடி போட்டீர்கள். இன்னொரு முறை போட்டீர்கள். பிறகு தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளாகவே பச்சை கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது. யூரியா பத்தவில்லை போல என்று பேசிக்கொண்டோம். அது அன்று யாருக்கும் நினைவு வரவில்லை. கண் முன்னால் ஒரு காரணம் இருக்கும்போது இன்னொன்றை யார் தேடுவார்கள்? நானும் தேடவில்லை. லீவுதான் கொன்றது என்றே நினைத்தேன்.

"காலேஜ் தெறக்கட்டும் அத்தான், ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போய்ப் பாக்குறேன்" என்றேன். பூஜை விடுமுறையில் ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. நீங்கள் காத்திருக்கவில்லை. செத்துப்போனதை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று அன்று மதியமே அடைப்பைத் திறந்து விட்டுவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டீர்கள். சாவு வீட்டைக் கழுவுவது மாதிரிக் கழுவினீர்கள்.

விஷயம் ஆலைக்குப் போனது. உங்கள் ஷிப்டு ஆட்களுக்கு வாய் சும்மா இருக்குமா? "பாசிக்கு லீவு விட்ட முருகேசன்" என்று பேர் விழுந்தது. லீவு கேட்டுப் போகிற ஒவ்வொருவரும் "முருகேசண்ணே, லீவு வேணும், ஆனா உசுரோட வேணும்" என்பார்களாம். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள் என்று அந்தோணி அண்ணன் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாந்தோம். மறுபடியும் தாய்ப்பாசி கொண்டுவருகிறேன் என்று நான் சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

"வேணாம் சாந்தி. உசுருள்ளத என் கையில குடுக்காத."

அடுத்த வருட ஆயுத பூஜைக்கு நீங்கள் வேலைக்கே போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தீர்கள். பூசணிக்காயை வேறு யாரோ உடைத்தார்கள். பொரி கடலைப் பொட்டலத்தை அந்தோணி அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா தன் தையல் மெஷினைத் துடைத்து வைத்துவிட்டுப் பொட்டு வைக்க உங்களைக் கூப்பிட்டாள். "நீயே வையி. நான் வச்சா ஓடுறதும் நின்னுரும்" என்றீர்கள். அக்காவும் வைக்கவில்லை. அந்த மெஷின் அன்று முழுவதும் மொட்டையாக நின்றது.

அந்தத் தை மாதக் குளிரில், கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பஸ் வந்தது. நீங்கள் எழுந்திருக்கவில்லை.

இனிமேல்தான் செய்தி.

நீங்கள் போன கொஞ்ச நாளில் வெங்கடேசப்பா ஃபோன் செய்தார். தொட்டியை இடித்துவிட்டு ரோஜா போடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கல்லூரிப் பிள்ளைகள் சிலரை வைத்துக்கொண்டு மறுபடியும் பாசி விட்டேன். டீசல் இன்னும் வரவில்லை அத்தான். எண்ணெய் வருகிறது, அதை எடுக்க ஆகிற செலவுதான் எண்ணெயைத் தின்றுவிடுகிறது. பெரிய பெரிய கம்பெனிகளே இதில் முழி பிதுங்கி நிற்பதாகச் சொல்கிறார்கள். மீன் குஞ்சு வளர்க்கிறவர்கள் பாசியைத் தீனிக்கு வாங்கிப் போவதால் தொட்டியின் வண்டி ஓடுகிறது. உங்கள் எஞ்சின் ஓடவில்லை.

நீங்கள் போன வருடமே மின்வெட்டும் வந்து சேர்ந்தது. அதை நீங்கள் பார்க்கவில்லை, கொடுத்து வைத்தவர். நம் தொட்டிக்குத் தினமும் ஆயுத பூஜைதான். ஒருமுறை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து இரண்டு நாள் சக்கரம் அசையவே இல்லை. கரண்ட் வந்து சக்கரம் சுற்றியதும் அடியிலிருந்து பச்சை பொங்கி எழுந்தது. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். நான் கரண்ட் ஆபீசைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கோடையில் போர் வற்றிவிட்டது. வெங்கடேசப்பா அதே டேங்கரில் அதே ஏரித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். சில நாளில் பச்சை வெளிறியது. பிறகு டீத்தண்ணி நிறம், ஓரத்தில் அழுக்கு நுரை. அந்த வாரம் முழுக்கக் கரண்ட் இருந்தது, சக்கரம் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டிலில் மொண்டுகொண்டு கல்லூரிக்கு ஓடினேன்.

ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நம்ம ஆளுக ஒன்றிரண்டு பேர்தான் மிச்சம். அவர்களுக்கு நடுவில், கண்ணாடி உடம்போடு குட்டிக் குட்டிப் பிராணிகள் வாயைச் சுற்றியுள்ள மயிரைச் சுழற்றிக்கொண்டு, எதிரில் வந்ததையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. ரோட்டிஃபர் என்று வகுப்பில் நடத்துவேன். ஏரியிலும் குட்டையிலும் எப்போதும் இருப்பவைதான். உடம்பு கண்ணாடி என்பதால் வயிறு வெளியே தெரிந்தது. வயிறு முழுக்க நம் பச்சை.

அப்படியும் நான் அவசரப்பட்டுச் சந்தோஷப்படவில்லை. ஆய்வகத்தில் இரண்டு வாளியில் நல்ல பாசி எடுத்துக்கொண்டேன். ஒன்றைக் கலக்காமல், அன்று நம் தொட்டி நின்றதைவிட அதிக நேரம் அப்படியே விட்டேன். இன்னொன்றில் ஒரு குவளை ஏரித் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருந்தோம். ஏரித் தண்ணீர் ஊற்றியது வாரம் முடிவதற்குள் டீத்தண்ணி ஆனது. சும்மா விட்டதைக் கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றினேன். பச்சை எழுந்து வந்தது. நான் அந்த வாளியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிள்ளைகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மீன் குஞ்சுக்காரர் ஒருவர் அந்த நேரம் பார்த்து வந்து, மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, இதையே வளத்துக் குடுங்க மேடம், குஞ்சுக்கு இதவிட நல்ல தீனி கெடையாது" என்றார். நான் அவரை முறைத்த முறையில் அவர் அப்புறம் ஆளை அனுப்பித்தான் பாசி வாங்குகிறார்.

முதலில் வெங்கடேசப்பாவிடம் சொன்னேன். நல்ல செய்தி சொல்வதாக நினைத்துக்கொண்டு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். அவர் டிராக்டர் மேலிருந்து இறங்கி வந்தார். முகம் மாறிவிட்டது.

"அப்போ அந்தத் தண்ணி நான் கொண்டாந்ததுதானேம்மா? சாரு பாசிய நாந்தான் கொன்னேனா?"

உங்கள் தோளிலிருந்து இறக்கிய பாரத்தை அப்படியே தூக்கி அவர் தோளில் வைத்துவிட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லீங்கய்யா. நல்லது நெனச்சுச் செஞ்சீங்க. தெரியாம நடந்ததுக்கு யாரும் பொறுப்பு இல்ல. தண்ணி இல்லாம நின்னப்ப நீங்கதான வந்து நின்னீங்க" என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை விடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. இதே வார்த்தைகளை உங்களிடம் யாரும் சொல்லவில்லையே. லீவுதான் காரணமாக இருந்திருந்தால்கூட, நீங்களும் நல்லது நினைத்துத்தானே செய்தீர்கள்? காரணம் தெரிந்த பிறகுதான் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று ஏதாவது இருக்கிறதா?

அக்காவிடம் சொன்னேன். அவள் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாளிக் கதை, ரோட்டிஃபர் கதை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இத அவுககிட்ட யாரு போய்ச் சொல்றது?"

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். லீவு விட்டதால் எதுவும் சாகவில்லை அத்தான். நீங்கள் பொட்டு வைத்ததால் எதுவும் நிற்கவில்லை. இந்த இரண்டு வரியை நீங்கள் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் அன்று ராஜா மாதிரி ஆலைக்குப் போய்ப் பூசணிக்காய் உடைத்திருப்பீர்கள். ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு சொட்டு, அதைப் பார்க்க ஒரு திறந்த ஆய்வகம், இவ்வளவுதான் வேண்டியிருந்தது. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஷிப்டு ஆட்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கெட்ட எண்ணத்தில் கேலி செய்யவில்லை, அவருக்கும் அது தெரியும். இனிமேல் அந்தப் பட்டப்பேரைச் சொல்ல வேண்டாம். மீறிச் சொல்கிறவர்களை நான் ஆலை வாசலுக்கே வந்து கேட்பேன். அந்தோணி அண்ணனிடம் என்னைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.

அத்தான், உங்களுக்கு ஒரு உறுதி தருகிறேன். வருகிற ஆயுத பூஜைக்கு நம் தொட்டிச் சக்கரத்தை நானே நிறுத்துவேன். கழுவித் துடைத்துச் சந்தனம் வைப்பேன். அந்தோணி அண்ணன் உங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார். பூசணிக்காயை அவர்தான் உடைப்பாராம், தப்பாக உடைத்தால் மாதா மன்னித்துக்கொள்வாள் என்கிறார். வெங்கடேசப்பாவுக்கு இந்த முறையும் முதல் அழைப்பு. மறுநாள் காலை வரை சுவிட்சை யாரும் தொடமாட்டோம்.

காலையில் சுவிட்சைப் போட வேண்டியது நீதான் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். முதலில் முடியாது என்றாள். பிறகு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் போட்டு, பச்ச வரலன்னா?"

"வரும்க்கா."

"வரலன்னாலும் அவுக மேல தப்பு இல்லைல்ல?"

"இல்ல."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய், தையல் மெஷின் மேல் கிடந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லத் தெரியாமல் போன,
உங்கள் கொழுந்தியாள்
சாந்தி